ரிஸ்க்-ஃபைவ் போர்டில் ஜிடிபி: ஸ்டெப் போட்டால் நாலே வரியில் சுத்திக்கிட்டு நிக்குது

பணகுடிக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மூணு நாளா ஒரே எடத்துல மாட்டிட்டு நிக்கேன். கொஞ்சம் நீளமாச் சொல்லுதேன், பொறுத்துக்கிடுங்க. பாதி சொன்னா பாதிப் பதில்தான் வரும்.

சொந்த ஊர் பணகுடி, பட்டறை வள்ளியூர்ல. காவல்கிணறு, பணகுடி, ராதாபுரம் சுத்துப்பட்டுல நிக்குத காத்தாடிகளுக்குள்ள மாட்டுத பெட்டி செய்யுதோம். காத்தாடியை ஓட்டவோ நிறுத்தவோ அந்தப் பெட்டிக்கு அதிகாரம் கிடையாது. காத்து வேகம், கியர்பாக்ஸ் சூடு, டவர் ஆட்டம் மூணையும் வாசிச்சு, சேத்து வச்சு, கீழ அனுப்பும். உள்ள இருக்கது 32 பிட் ரிஸ்க்-ஃபைவ் சிப், ஒரே கோர். பெருக்கல், அட்டாமிக், கம்ப்ரெஸ்டு மூணு எக்ஸ்டென்ஷனும் உண்டு. அதுக்கு மேல ஓடுதது லினக்ஸ் இல்ல, நானே எழுதின சின்னக் கெர்னல். ஆறு டாஸ்க், ஒரு டைமர் டிக், ஒரு மியூடெக்ஸ். எல்லாம் மெஷின் மோடுலயே ஓடுது.

டீபக்கர் எதுக்குன்னா, ஒரு ரீடிங் காணாமப் போகுது. ஒரு நாளைக்கு ஒண்ணு போகும், சில நாள் அதுவும் போகாது. பட்டறை மேசையில வச்சா வரவே மாட்டேங்குது. ஆனி, ஆடிக் காத்துல பெட்டி மேல இருக்கும்போதுதான் வருது. அந்தக் காத்துல டவர் மேல ஏறி லேப்டாப்பை மடியில வச்சு உக்கார முடியாது. பெட்டியில இருந்து தரைக்கு வாரது ஒரே ஒரு ஆர்எஸ்-485 கேபிள். அந்தக் கேபிள் வழியாவே ஜிடிபி (நிரலை நிறுத்தி உள்ள பாக்குத டீபக்கர்) பேசணும்னு கெர்னலுக்குள்ள ஒரு ஸ்டப் எழுதினேன்.

ஸ்டப்புன்னா ஜிடிபி கேக்கதுக்குப் பதில் சொல்லுத ஒரு ட்ராப் ஹேண்ட்லர்தான், அதாவது ஓடிட்டு இருக்க நிரல் தடைபட்டா சிப் தாவி வார கோடு. டாலர்ல தொடங்கி ஹேஷ்ல முடியுத பாக்கெட், அதுக்குப் பின்னால ரெண்டு எழுத்துல கூட்டுத்தொகை. 'ஜி' கேட்டா எக்ஸ்0-ல இருந்து எக்ஸ்31 வரைக்கும், கூட பிசி (எந்த இன்ஸ்ட்ரக்ஷன்ல நிக்குதுன்னு சொல்லுதது), ஆக 33 ரெஜிஸ்டர். 264 ஹெக்ஸ் எழுத்து, லிட்டில் எண்டியன் வரிசையில குடுக்கேன். 'எம்' கேட்டா மெமரி. 'இசட்0' வந்தா பிரேக்பாயிண்ட்.

இவ்வளவு வாரதுக்கே ரெண்டு எடத்துல நல்லா அடிபட்டேன். அதையும் எழுதி வைக்கேன், பின்னால வாரவங்களுக்கு ஆகும்.

முதல்ல, எக்ஸ்86-ல பழகின பழக்கத்துல, ட்ராப் ஆனதும் பிசியைப் பின்னால தள்ளினேன். அங்க பிரேக்பாயிண்டுக்கு வைக்குத இன்ட்3 ஒரு பைட். ட்ராப் வரும்போது பிசி அதைத் தாண்டி நிக்கும், ஒண்ணு கழிச்சாத்தான் சரியான எடம். ரிஸ்க்-ஃபைவ்ல அதே வேலைக்கு ஈபிரேக்; ட்ராப் ஆன எடத்தைக் குறிச்சு வைக்குத எம்இபிசி ரெஜிஸ்டர் அந்த ஈபிரேக் மேலயே நிக்குது, எதையும் கழிக்க வேண்டாம். நான் கழிச்சதுல முந்தின இன்ஸ்ட்ரக்ஷனுக்குப் போயி, ஒரு கூட்டல் ரெண்டு தடவை நடந்துருக்கு. கணக்கு ஏன் ஒண்ணு கூட வருதுன்னு ஒரு நாள் பூரா சென்சாரைப் போட்டு நோண்டிட்டு இருந்தேன்.

அடுத்தது, எல்லா எடத்துலயும் 4 பைட் ஈபிரேக்கை வச்சேன். கம்ப்ரெஸ்டு இன்ஸ்ட்ரக்ஷன் 2 பைட்தான், மிச்ச ரெண்டு பைட் பக்கத்து இன்ஸ்ட்ரக்ஷனைத் தின்னுட்டு. இசட்0 பாக்கெட்டோட கடைசியில 2-ஆ 4-ஆன்னு ஜிடிபியே சொல்லுது, அதை வாசிக்கணும். இப்ப 2-ன்னா ஹெக்ஸ்ல 9002, 4-ன்னா 00100073 வைக்கேன். சரியாப் போகுது. நிறுத்தி வச்சிருக்கும்போது வாட்ச்டாக் போர்டை ரீசெட் பண்ணிருதுன்னு, ஸ்டப் காத்துட்டு இருக்க லூப்புக்குள்ளயே வாட்ச்டாக்கை ரீஃப்ரெஷ் பண்ணுதேன். அதுவும் சரி.

இப்ப பிரச்சினைக்கு வாரேன். மெஷின் மோடுல ஓடுத கோடை ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்ஷனா நகத்த என் ஸ்டப்புக்கு இந்தச் சிப்புல வழி இல்ல. அந்த ஸ்டெப் பிட் வெளிய இருந்து வார டீபக் மோடுக்குத்தான். அதனால 'எஸ்' பாக்கெட் (ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் நகத்து) வந்தா, நிக்குத இன்ஸ்ட்ரக்ஷனைப் பிரிச்சுப் பாத்து, அடுத்து எங்க போகும்னு கணக்குப் போட்டு, அங்க தற்காலிகமா ஒரு ஈபிரேக் வச்சு ஓட விடுதேன். பிராஞ்சா இருந்தா ரெஜிஸ்டர் மதிப்பைப் பாத்துத் தாவுமா தாவாதான்னு முடிவு பண்ணுதேன். அந்த ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் முடியுத வரைக்கும் இன்டரப்டை அடைச்சு வைக்கேன், இல்லன்னா டிக் உள்ள நுழைஞ்சிரும்.

எல்லா எடத்துலயும் அழகாப் போகுது. 'லாக்_எழுது'ங்கிற ஃபங்ஷனுக்குள்ள மட்டும் 'நெக்ஸ்ட்' போட்டா திரும்பி வரவே மாட்டேங்குது. ஸ்டெப்ஐ (ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் மட்டும் நகத்துத கட்டளை) போட்டுப் பாத்தா, ஃபங்ஷன் தொடக்கத்துல இருந்து +36, +40, +44, +48, மறுபடி +36. அங்க இருக்கது இன்லைன் ஆன மியூடெக்ஸ் பூட்டு. கம்பைலர் போட்ட நாலு வரி இது:

எல்ஆர்.டபிள்யூ ஏ4, (ஏ0)
பிஎன்இ ஏ4, ஏ1, வெளியே
எஸ்சி.டபிள்யூ ஏ3, ஏ2, (ஏ0)
பிஎன்இஇசட் ஏ3, திரும்ப முதல் வரிக்கு

ஸ்கிரிப்ட்ல 5000 ஸ்டெப்ஐ போட்டு விட்டுட்டு சாப்பிடப் போயிட்டு வந்தேன். அதே நாலு வரியிலதான் நிக்குது. மியூடெக்ஸ் வேற எந்த டாஸ்க் கையிலயும் இல்ல, மெமரியில மதிப்பு 0-தான். 'கன்டின்யூ' போட்டா அடுத்த நிமிஷமே தாண்டிப் போயிருது. இதுல கோட்டி புடிக்க வைக்குத விஷயம் என்னன்னா, அதே எல்ஃப் ஃபைலை (கம்பைல் ஆன நிரல்) க்யூஎம்யூவுல (போர்டு மாதிரி நடிக்குத மென்பொருள்) ஓட்டி 1234 போர்ட்டுல ஜிடிபியை இணைச்சா, ஸ்டெப் ஒரு தடையும் இல்லாமப் போகுது.

கூடவே ஒரு சின்னக் கேள்வி. இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள்ள நின்னு பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் வழியா இங்க வந்தோம்ங்கிற வரிசை) கேட்டா, முந்தின ஃப்ரேமும் இந்த ஃப்ரேமும் ஒண்ணா இருக்கு, ஸ்டாக் கெட்டிருக்கலாம்னு சொல்லி ஜிடிபி நிறுத்திருது. ஸ்டாக் கெடல, கையால எண்ணிப் பாத்துட்டேன். எந்த டாஸ்க்கை இடைமறிச்சு உள்ள வந்துச்சுன்னு தெரிஞ்சா என் வேலை பாதி முடிஞ்சிரும்.

—

வடக்கன்குளத்தான் எழுதியது:

அண்ணாச்சி, எதுக்கு இவ்வளவு பாடு? சிப்போட டீபக் பின்ல நேரா மாட்டுத ஜேடேக் ப்ரோப் ஒண்ணு வாங்கி மாட்டுங்க, அதை ஓட்டுத ஓப்பன்ஓசிடி மென்பொருளைப் போடுங்க. டிசிஎஸ்ஆர் ரெஜிஸ்டர்ல ஸ்டெப் பிட் இருக்கு, ஹார்ட்வேரே ஒவ்வொண்ணா நகத்தும். ஸ்டப்பே வேண்டாம். நாங்க மோட்டார் ஸ்டார்ட்டர் போர்டுக்கு அப்படித்தான் செய்யுதோம்.

—

பணகுடிக்காரன் எழுதியது:

மேசைக்கு அது சரிதான் அண்ணாச்சி, ப்ரோப் எங்கிட்டயும் இருக்கு. டவர் மேல இருந்து தரை வரைக்கும் ஜேடேக் வயரை இழுக்க முடியாதுல்லா. பக்கத்துலயே ஜெனரேட்டர் ஓடுது, அந்த இரைச்சல்ல சிக்னல் நிக்காது. மேல இருக்கும்போதுதான் என் பிழையே வருது.

—

செங்கோட்டைச்சாரல் எழுதியது:

தம்பி, கேள்வியை இவ்வளவு விவரமா எழுதினதுக்கே பாதிப் பதில் கிடைச்ச மாதிரி. ஆனா மூணு விஷயம் தெரியாம எதுவும் சொல்ல மாட்டேன்.

கோடு ஃபிளாஷ்ல ஓடுதா, ராம்ல ஓடுதா? ஃபிளாஷ்ல இருந்தே ஓடினா ஈபிரேக்கை எழுதவே முடியாது, ஹார்ட்வேர் ட்ரிக்கர் வச்சுத்தான் பிடிக்கணும். ராம்னா, ஈபிரேக்கை எழுதினப்புறம் ஃபென்ஸ்.ஐ போடுதியா? இன்ஸ்ட்ரக்ஷன் கேஷுக்குள்ள பழைய இன்ஸ்ட்ரக்ஷனே இருந்துட்டா, நீ வச்ச ஈபிரேக்கை கோர் பாக்கவே பாக்காது. ஒரே கோர்ங்கிறதால ஒரு ஃபென்ஸ்.ஐ போதும். ரெண்டு கோர் இருந்தா அடுத்த கோர்லயும் தனியாப் போடணும், ஏன்னா அந்த இன்ஸ்ட்ரக்ஷன் தன் கோருக்கு மட்டும்தான் பேசும்.

மூணாவது, 'செட் டீபக் ரிமோட் 1' போட்டு அந்த நாலு வரிக்கான பாக்கெட்டுகளை இங்க ஒட்டு. ஜிடிபி 'எஸ்' அனுப்புதா, இல்ல 'இசட்0' வச்சு 'சி' (ஓட விடு) அனுப்புதான்னு பாக்கணும்.

—

பணகுடிக்காரன் எழுதியது:

அக்கா, டீபக் பண்ணும்போது கோடை ராமுக்குக் காப்பி பண்ணித்தான் ஓட்டுதேன். ஃபென்ஸ்.ஐ உண்டு, வைக்கும்போதும் எடுக்கும்போதும்.

பாக்கெட் பாத்தேன். ஒவ்வொரு ஸ்டெப்ஐக்கும் டாலர், எஸ், ஹேஷ், 73. என் பக்கத்துல இருந்து டி05, நின்னுட்டேன்னு அர்த்தம். அடுத்து ஜிடிபி 'ஜி' கேக்குது, நான் 264 எழுத்தையும் அனுப்புதேன். மறுபடி எஸ். இசட்0 எங்கயும் இல்ல. பதில்ல ஏ3-யோட மதிப்பை மட்டும் பாத்துட்டே வந்தேன்: எஸ்சி முடிஞ்ச ஒவ்வொரு தடவையும் 1.

—

பாளை வாத்தியார் எழுதியது:

தம்பி, அந்த 1-தான் விடை. எஸ்சி வெற்றி பெற்றால் 0 தரும், தோற்றால் பூஜ்ஜியமல்லாத ஒன்று. உங்கள் எஸ்சி ஒவ்வொரு முறையும் தோற்கிறது. உங்கள் ஸ்டப் கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. அடுத்த இன்ஸ்ட்ரக்ஷனில் நிறுத்துவது என்ற செயலே அந்த இடத்தில் செல்லாது.

வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் பஸ்ஸுக்கு இடம் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவது எல்ஆர், அதாவது மெமரியைப் படித்து அந்த இடத்தை முன்பதிவு செய்வது. படியேறி வந்து உட்காருவது எஸ்சி, அதாவது முன்பதிவு இன்னும் இருந்தால் மட்டும் அங்கே எழுதுவது. இடையில் யாரும் துண்டைத் தொடாமல் இருந்தால்தான் சீட் உங்களுக்கு. தொட்டுவிட்டால் இறங்கிப் போய் மறுபடி ஜன்னலில் இருந்து தொடங்க வேண்டும். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? துண்டு போட்டவரை ஒரு அடி எடுத்து வைத்ததுமே நிறுத்தி, ஸ்டப்புக்குள் அழைத்துப் போய், 264 எழுத்தை வாங்கிக்கொண்டு, திருப்பி அனுப்பும்போது துண்டை மடித்துக் கையில் கொடுத்து அனுப்புகிறீர்கள். அவர் எத்தனை முறை ஏறினாலும் உட்கார முடியாது. 5000 முறை ஏறினாலும் அப்படித்தான்.

துண்டை எடுப்பது யார் என்று நீங்களே பாருங்கள். உங்கள் ட்ராப்பில், அதிலிருந்து திரும்பும் எம்ரெட்டுக்கு முன்னால் வெறும் எஸ்சி ஒன்று இருக்கிறதா? ஒரு டாஸ்க் போட்ட எல்ஆர் இன்னொரு டாஸ்க்கின் எஸ்சிக்கு உதவிவிடக் கூடாது என்பதற்காக, கெர்னல் எழுதுகிறவர்கள் அதைப் போடுவார்கள். லினக்ஸும் ட்ராப்பிலிருந்து வெளியேறும்போது அதைச் செய்கிறது. அது சரியான செயல், எடுத்துவிடாதீர்கள். அதை எடுத்தாலும் உங்களுக்கு உத்தரவாதம் இல்லை. லூப் மொத்தமும் அதிகம் 16 இன்ஸ்ட்ரக்ஷனுக்குள் அடங்கி, எல்ஆருக்கும் எஸ்சிக்கும் இடையில் எளிய இன்ஸ்ட்ரக்ஷன்கள் மட்டும் இருந்தால்தான் அது எப்படியும் ஒரு முறை வெற்றி பெறும் என்று ரிஸ்க்-ஃபைவ் ஆவணம் வாக்குக் கொடுக்கிறது. இடையில் வரக் கூடாதவை என்று அது சொல்பவற்றில் சிஸ்டம் வகை இன்ஸ்ட்ரக்ஷன்களும் உண்டு. ஈபிரேக் அந்த வகைதான். நீங்கள் ஈபிரேக் வைத்த கணத்தில் அந்த வாக்கு ரத்தாகிவிடுகிறது.

ஜேடேக் சொன்ன தம்பிக்கும் ஒரு வார்த்தை. டீபக் மோடுக்குள் போய்வந்தாலும் அந்த முன்பதிவு போய்விடலாம், எல்ஆருக்கும் எஸ்சிக்கும் நடுவில் நிறுத்தினால் நிரல் முன்னேறாமலே போகலாம் என்று டீபக் ஆவணமே எச்சரிக்கிறது. ஆக ப்ரோப் மாட்டினாலும் இதே சுற்றில் நிற்க வாய்ப்புண்டு.

க்யூஎம்யூவில் ஏன் ஓடுகிறது? அங்கே உங்கள் ஸ்டப்பே வேலை செய்யவில்லை, 1234 போர்ட்டில் பேசுவது க்யூஎம்யூவின் சொந்த ஸ்டப். அது உள்ளே ஓடும் நிரலுக்கு எந்த ட்ராப்பும் கொடுக்காமல் வெளியிலிருந்து நிறுத்துகிறது. எல்ஆர் படித்த முகவரியையும் மதிப்பையும் அது குறித்துவைத்துக்கொள்கிறது. எஸ்சி வரும்போது முகவரி அதுவேதானா, மெமரியில் அதே மதிப்பு இருக்கிறதா என்று மட்டும் ஒப்பிடுகிறது. துண்டை யாரும் எடுக்கவில்லை, எஸ்சி வெற்றி. நானும் மாணவர்களுக்கு க்யூஎம்யூவில்தான் பாடம் நடத்துகிறேன், ஆனால் அட்டாமிக் பகுதிக்கு மட்டும் உண்மையான போர்டில் ஒரு முறையாவது ஓட்டிக் காட்டாமல் விடுவதில்லை.

இனி உங்கள் பாக்கெட்டில் இசட்0 ஏன் வரவில்லை என்பதற்கு வருகிறேன். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஜிடிபியின் மூலக்கோப்புகளைத் திறந்து பெயர்களைப் பாருங்கள். ரிஸ்க்-ஃபைவுக்கு ஒரு 'டிடெப்' கோப்பு இருக்கும். ரெஜிஸ்டர்கள் எத்தனை, பிரேக்பாயிண்ட் எத்தனை பைட், ஃபங்ஷனின் தொடக்கம் எப்படி இருக்கும் என்ற ப்ராசஸர் சங்கதி எல்லாம் அதில். அதற்குப் பக்கத்திலேயே ரிஸ்க்-ஃபைவ் லினக்ஸுக்கென்று இன்னொரு டிடெப் கோப்பு. அது இயங்குதளச் சங்கதி. அடுத்த இன்ஸ்ட்ரக்ஷனைக் கணக்கிட்டுத் தானே பிரேக்பாயிண்ட் வைத்து நகர்த்தும் ஃபங்ஷன் எழுதப்பட்டிருப்பது முதல் கோப்பில். அதைப் பயன்படுத்து என்று ஜிடிபியிடம் சொல்லும் வரி இருப்பதோ இரண்டாவது கோப்பில். ஏனென்றால் ரிஸ்க்-ஃபைவ் லினக்ஸில் டீபக்கருக்கு கெர்னல் கொடுக்கும் பிட்ரேஸ் அழைப்பில் ஒற்றை ஸ்டெப் வசதி இல்லை, ஜிடிபியேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்களுடையது போல இயங்குதளம் ஏதும் இல்லாத எல்ஃப் என்றால், எதிர்ப்பக்கத்தில் டீபக் ஹார்ட்வேர் இருக்கும், அது நகர்த்திக்கொள்ளும் என்று நம்பி 'எஸ்' அனுப்பிவிடுகிறது. ப்ராசஸர் ஒன்றேதான், இயங்குதளம் மாறியதும் யார் வேலை யாருடையது என்பது மாறிவிட்டது. 1986-ல் ஸ்டால்மன் ஜிடிபியை எழுதத் தொடங்கியதிலிருந்து புதிதாக எந்த ப்ராசஸர் வந்தாலும் இந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் எழுத வேண்டியிருக்கிறது. பவர்பிசி, மிப்ஸ், ஆல்ஃபா எல்லாவற்றின் டிடெப் கோப்புகளிலும் இந்த அட்டாமிக் வரிசையைத் தாண்டிக் குதிக்கும் பகுதி தனியாக உண்டு.

ஜிடிபியின் அந்த ஃபங்ஷனுக்கு எல்ஆர் தெரியும். பிசி ஓர் எல்ஆரில் நிற்பதைப் பார்த்தால், எஸ்சி எங்கே என்று தேடி அந்த வரிசை முடிகிற இடத்தில்தான் பிரேக்பாயிண்ட் வைக்கும். நான் சொல்வது சரிதானா என்று இப்போதே பார்த்துவிடலாம், ஒரு வரிகூட எழுத வேண்டாம். ஜிடிபி-மல்டிஆர்க்கில் உங்கள் எல்ஃபை ஏற்றி, 'செட் ஓஎஸ்ஏபிஐ' கொடுத்து க்னு/லினக்ஸ் என்று போடுங்கள். பிறகு +36-ல் நின்று ஸ்டெப்ஐ. பாக்கெட்டில் 'எஸ்' மறைந்து இசட்0-வும் 'சி'-யும் வர வேண்டும், பிசி அந்த நாலு வரியையும் தாண்டிப் போக வேண்டும்.

ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். அது சோதனைக்கு மட்டும். அப்படி விட்டால் உங்கள் ஸ்டப்புக்கு இது ஸ்டெப் என்றே தெரியாது, வெறும் 'சி' என்று நினைத்து இன்டரப்டைத் திறந்துவிடும். டிக் வரும், டாஸ்க் மாறும், அதே ஃபங்ஷனுக்குள் இன்னொரு டாஸ்க் வந்து அந்தத் தற்காலிக பிரேக்பாயிண்டை மிதிக்கும். லினக்ஸில் மற்ற த்ரெட்களை நிறுத்திவைக்க கெர்னல் இருக்கிறது. உங்களுக்கு அந்தக் கெர்னலே நீங்கள் எழுதியதுதான். ஆகவே தாண்டிக் குதிக்கும் வேலை உங்கள் ஸ்டப்புக்குள்ளேயே இருக்கட்டும். 'எஸ்' வந்து பிசி எல்ஆரில் நின்றால், அங்கிருந்து 16 இன்ஸ்ட்ரக்ஷனுக்குள் எஸ்சியைத் தேடுங்கள். எஸ்சிக்கு அடுத்த இன்ஸ்ட்ரக்ஷனில் ஓர் ஈபிரேக். நடுவில் இருக்கும் பிஎன்இ வெளியே தாவினால் போய் விழும் இடத்தில் இன்னொன்று. இதை மறந்தால் பூட்டு வேறு டாஸ்க்கிடம் இருக்கும் நாளில் நிரல் உங்கள் கையை விட்டுப் போய்விடும். நடுவில் தெரியாத ஏதாவது இன்ஸ்ட்ரக்ஷன் வந்தால் பழைய முறையிலேயே ஒரு அடி நகர்த்துங்கள். அந்த முழு வரிசைக்கும் இன்டரப்ட் அடைத்தே இருக்கட்டும்.

நீங்களாக +40-லோ +44-லோ பிரேக்பாயிண்ட் வைத்தால் எந்த டீபக்கரும் காப்பாற்ற முடியாது. பூட்டைப் பார்க்க வேண்டுமென்றால் +48-க்குப் பின்னால் வையுங்கள்.

—

பணகுடிக்காரன் எழுதியது:

சார், கையெடுத்துக் கும்பிடுதேன். எம்ரெட்டுக்கு முன்னால எஸ்சி இருக்கு. டாஸ்க் மாத்தும்போது வேணும்னு போன வருஷம் நான்தான் வச்சேன். அது இங்க வந்து நிக்கும்னு நினைச்சே பாக்கல.

ஓஎஸ்ஏபிஐ மாத்திப் பாத்தேன். +36, அடுத்த ஸ்டெப்ஐ நேரா அந்த நாலு வரிக்கும் வெளிய. ஏ3-ல 0. மூணு நாள் கழிச்சு அந்தப் பூஜ்ஜியத்தைப் பாத்தப்போ மேசையில தட்டிட்டேன், பட்டறையில எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. நீங்க சொன்ன மாதிரியே நாலஞ்சு ஸ்டெப் போட்டதும் வேற டாஸ்க் வந்து மிதிச்சிட்டு. அதனால ஸ்டப்புக்குள்ளயே எழுத உக்காந்துட்டேன். இன்னைக்கு ராத்திரி முடிஞ்சிரும்.

அக்கா, பேக்ட்ரேஸ் சங்கதி இருக்கே, அதுக்கும் லினக்ஸுல ஏதும் ஏற்பாடு உண்டா? நான் ஜிடிபியையே திறந்து எழுதணுமா?

—

செங்கோட்டைச்சாரல் எழுதியது:

வாத்தியார் சொன்னதுல கூட்ட ஒண்ணுமில்ல. ட்ராப் முடிவுல இருக்க எஸ்சிதான் காரணம்னு எனக்குத் தோணல, கேஷுன்னே நினைச்சேன்.

பேக்ட்ரேஸுக்கும் அதே கதைதான் தம்பி, இயங்குதளத்துக்குத்தான் தெரியும். லினக்ஸுல சிக்னல் ஹேண்ட்லர்ல இருந்து திரும்புத எடத்துல ரெண்டே இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கும்: ஏ7-ல 139 போட்டு ஒரு ஈகால். ஜிடிபி அந்த ரெண்டையும் பாத்த ஒடனே, இது சாதாரண ஃபங்ஷன் இல்ல, கெர்னல் வச்ச ஃப்ரேம், பழைய ரெஜிஸ்டரெல்லாம் ஸ்டாக்குல இன்ன இடத்துல இருக்குன்னு எடுத்துக்கிடும். உன் ட்ராப் நுழைவு அசெம்பிளியில கையால எழுதினது. அதுக்கு டிவார்ஃப் தகவல் (ஸ்டாக்குல எது எங்க இருக்குன்னு கம்பைலர் எழுதி வைக்குத குறிப்பு) ஒண்ணும் இல்ல, ஜிடிபி குருட்டாம்போக்குல தேடிட்டு ஒரே ஃப்ரேமைத் திரும்பத் திரும்பப் பாக்குது. ஸ்டாக் கெட்டுப்போச்சுன்னு அது சொல்லுதது அதனாலதான்.

ஜிடிபியைத் திறக்க வேண்டாம். ஒரு ஃப்ரேம்ல இருந்து முந்தின ஃப்ரேமைக் கண்டுபிடிக்குத அன்வைண்டரைப் பைத்தான்லயே எழுதலாம். பிசி உன் ட்ராப் நுழைவுக்கும் முடிவுக்கும் நடுவுல இருந்தா மட்டும் அது கையைத் தூக்கணும், மத்த நேரம் 'நன்' (ஒண்ணும் இல்லங்கிற பைத்தான் மதிப்பு) திருப்பி அனுப்பிட்டு ஒதுங்கிக்கிடணும். கையைத் தூக்கினா, ஸ்டாக்கோட நுனியைக் காட்டுத எஸ்பியில இருந்து நீ எந்த வரிசையில தள்ளி வச்சியோ அதே வரிசையில ஒவ்வொரு ரெஜிஸ்டரையும் வாசிச்சுக் குடு. பிசிக்கு மட்டும் ஆர்ஏவை (ஃபங்ஷன் திரும்பிப் போக வேண்டிய முகவரி) குடுத்துராத, சேமிச்சு வச்ச எம்இபிசியைக் குடு. எல்லாரும் விழுத குழி அது. பழைய எஸ்பின்னா இப்ப இருக்க எஸ்பியோட ஃப்ரேம் அளவைக் கூட்டினது. நாப்பது வரிக்கு மேல போகாது.

இன்னொண்ணு. நீ ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் 264 எழுத்தை அந்த 485 கேபிள்ல தள்ளிட்டு இருக்க. 115200-ல அதுக்கு மட்டும் 23 மில்லி செகண்ட் போகும், கூட திசை மாத்துத நேரம் வேற. டி05 பதிலோடயே பிசியையும் எஸ்பியையும் சேத்து அனுப்பிரு. ரெஜிஸ்டர் எண் ஹெக்ஸ்ல, பிசிக்கு 20, எஸ்பிக்கு 02. பெரும்பாலான ஸ்டெப்புக்கு அந்த ரெண்டு போதும், 'ஜி' அடிக்கடி கேக்காது. பாக்கெட் நல்லா வந்துச்சா கெட்டுச்சான்னு ஒவ்வொண்ணுக்கும் போடுத பிளஸ், மைனஸ் கையெழுத்தையும் நோ-ஆக் மோடு போட்டு நிறுத்து. ஒரே ஜோடி வயர்ல ரெண்டு பக்கமும் மாறி மாறிப் பேசுத எடத்துல அந்த ஒத்தை பிளஸ்தான் அடுத்த பாக்கெட் மேல வந்து மோதும். ஆனா லைன்ல இரைச்சல் இருந்தா அந்தக் கையெழுத்துதான் பாதுகாப்பு. தரையில நின்னு ஒரு நாள் ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் எடு.

—

பணகுடிக்காரன் எழுதியது:

பத்து நாளாச்சு, பதில் போட முடியல, மன்னிச்சுக்கிடுங்க. பெட்டி மேலயே இருந்துச்சு.

ஸ்டப்புக்குள்ள எல்ஆர் தேடுத பகுதி எழுதிட்டேன், அறுபது வரி வந்துச்சு. பிஎன்இ தாவுத எடத்துலயும் வாத்தியார் சொன்னபடி வச்சேன். சோதிக்கதுக்கு மியூடெக்ஸை இன்னொரு டாஸ்க் கையில குடுத்துட்டு ஸ்டெப் போட்டுப் பாத்தேன், வெளிய சரியா நின்னுச்சு. அது இல்லாம இருந்தா நிச்சயமா ஓடிப் போயிருக்கும்.

அக்கா சொன்ன பைத்தான் அன்வைண்டர் 38 வரி. எம்இபிசி சங்கதியை முதல்லயே சொன்னதால தப்பிச்சேன். இப்ப இன்டரப்டுக்குள்ள நின்னு பேக்ட்ரேஸ் கேட்டா, ஹேண்ட்லர், அதுக்குக் கீழ ட்ராப், அதுக்கும் கீழ எந்த டாஸ்க்கோட எந்த ஃபங்ஷன் எந்த வரியில நின்னுச்சுன்னு அழகா அடுக்கிக் காட்டுது. நோ-ஆக் மட்டும் இன்னும் போடல. ஜெனரேட்டர் ஓடும்போது ஒரு மணி நேரத்துல ரெண்டு மூணு மைனஸ் வருது, அதனால கையெழுத்து இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

காணாமப் போன ரீடிங்கையும் புடிச்சாச்சு. காத்து வலுத்தா டவர் ஆட்டத்துக்கான இன்டரப்ட் அடிக்கடி வரும், மேசையில அது வராது. அந்த ஹேண்ட்லருக்குள்ள நின்னு பேக்ட்ரேஸ் போட்டதுல, ஒவ்வொரு தடவையும் இடைமறிச்சது 'லாக்_எழுது'வை, அதுவும் பூட்டை எடுக்கதுக்கு முந்தின வரியில. ரிங் பஃபர்ல அடுத்து எழுதவேண்டிய எண்ணை நான் பூட்டுக்கு வெளியவே வாசிச்சு வச்சிருக்கேன். ஹேண்ட்லர் போயி வேற டாஸ்க்கை எழுப்பி விடும், அது அதே எண்ணுல எழுதிரும், திரும்பி வந்து நானும் அதுலயே எழுதிருவேன். ஒரு ரீடிங் மேல இன்னொரு ரீடிங். அந்த ஒரு வரியை +48-க்குக் கீழ நகத்தினேன்.

நேத்து மத்தியானத்துல இருந்து பணகுடியில நல்ல காத்து, ரீடிங் ஒண்ணுகூட விடல. ஸ்டப்பையும் அன்வைண்டரையும் விளக்கம் எழுதி இந்த வாரக் கடைசிக்குள்ள இங்கயே போடுதேன். வாத்தியார் சார், எல்ஆர் தேடுத பகுதியை மட்டும் ஒரு தடவை வாசிச்சுப் பாத்துச் சொல்லுங்க. நடுவுல ரெண்டு பிராஞ்ச் வந்தா நான் முதல் பிராஞ்சுக்கு மட்டும்தான் ஈபிரேக் வைக்கேன், அது போதுமான்னு தெரியணும்.